காளியப்பனைத் தேடுகிறார்கள்

மார்ச் 3, திங்கள்

மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி இது. வருஷா வருஷம் ஒன்று கொடுப்பார். வருஷா வருஷம் என் சம்சாரம் பரிமளம் அதை வாங்கி ஜாக்கெட் அளவுகளை எழுதிக்கொள்வாள். வீட்டில் ஒரு தையல் மெஷினை வைத்துக்கொண்டு அவள் சம்பாதிக்கிற நல்ல பெயர் எனக்கு இருபது வருஷ அரசு உத்தியோகத்தில் கிடைத்ததில்லை. இந்த வருஷம் டைரியை நானே வைத்துக்கொண்டேன். காரணம் புது டாக்டர்.

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு டாக்டர் ரிஸ்வானா வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வேலூர்ப் பக்கத்துப் பெண். முப்பது வயது இருந்தால் அதிகம். இன்று எல்லோரையும் கூட்டி வைத்து ஒரு நோயாளி அட்டையை மேஜைமேல் போட்டார். மில் வாட்ச்மேன் மயில்சாமியின் அட்டை. ஆறு வருஷமாக மாதாமாதம் என் மருந்து ஜன்னலில் பிபி மாத்திரை வாங்கிய ஆள். போன வாரம் பஸ் ஸ்டாப்பில் ரத்த வாந்தி எடுத்து, திருப்பூர் போகும் வழியிலேயே போய்விட்டார்.

"குடிப்பழக்கம் உண்டாங்கிற இடத்துல 'இல்லை'ன்னு இருக்கு. யார் எழுதினது?" என்றார் டாக்டர்.

எழுதியது நான். கேட்டுவிட்டு எழுதவில்லை, கேட்காமலே எழுதினேன். எல்லோருக்கும் அப்படித்தான் எழுதுவேன். வயதில் மூத்த ஒருவரிடம், பக்கத்தில் சம்சாரம் நிற்கும்போது, குடிப்பீர்களா என்று கேட்பது மரியாதையா? வேலூரில் கேட்பார்களோ என்னவோ.

இனி பிபி, சுகர் மாத்திரைக்கு வரும் ஒவ்வொரு ஆணிடமும் பத்துக் கேள்வி கேட்க வேண்டும், பதிலுக்குப் பதில் மதிப்பெண் போட வேண்டும், இருபதைத் தாண்டினால் ரத்தப் பரிசோதனை. கேட்கப்போவது நான். "நர்ஸம்மாகிட்ட வெக்கப்படுவாங்க. தண்டபாணி சார், உங்ககிட்ட உண்மையைச் சொல்லுவாங்க" என்றார். அதிகம் குடிப்பவர்கள் ஒரு நோட்டில் தினமும் தேதி, அளவு, காரணம் எழுதி வர வேண்டுமாம். எழுதிப் பார்த்தால்தானே பிறருக்குச் சொல்லித்தர முடியும்? அதற்காகத்தான் இந்த டைரி. மாதிரிக்காக.

அளவு: ஒரு குவார்ட்டர். காரணம்: மீட்டிங்.

மார்ச் 5, புதன்

இன்று நாற்பத்தாறு பேரிடம் கேட்டேன். நாற்பத்து மூன்று பேர் ஒரே பதில்: "நோம்பிக்கு மட்டுங்க."

ஒருவரிடம் வருஷத்துக்கு எத்தனை நோம்பி என்று கேட்டேன். பொங்கலில் ஆரம்பித்து, மாரியம்மன் பொங்கல், ஆடிப் பதினெட்டு, மச்சான் வீட்டுக் கிடாவெட்டு என்று விரலை மடக்கிக்கொண்டே போனார். வாரத்துக்கு நான்கு நோம்பி வந்தது. சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். மதிப்பெண் பதினெட்டு.

என் கைகளைப் பற்றி யாரும் குறை சொல்ல முடியாது. காலையில் வந்ததும் ஸ்டோர் ரூமில் ஐந்து நிமிஷம் இருப்பு சரிபார்ப்பேன். அதன் பிறகு கை கல் மாதிரி நிற்கும். ஏலக்காய் மெல்லுவது தொண்டைக்காக.

அளவு: ஒரு குவார்ட்டர். காரணம்: நாற்பத்தாறு பேர்.

மார்ச் 7, வெள்ளி

படிவம் நிரப்பிப் பழகுவதற்காக ஒன்றை எனக்கே நிரப்பினேன். பெயர் இல்லாமல் படிவம் நன்றாக இல்லை. காளியப்பன் என்று போட்டேன், வயது 47, விலாசம் தோட்டத்துச்சாலை, போன் இல்லை. மதிப்பெண் இருபத்து மூன்று.

கேள்விகள் சரியில்லை என்று நினைக்கிறேன். ஊர் உலகம் தெரியாதவர்கள் தயாரித்த கேள்விகள்.

மார்ச் 10, திங்கள்

நூற்பாலையில் முகாம். லேப் எஸ்தர் இருபது குழாய்களில் ரத்தம் எடுத்து வந்து ரேக்கில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள். மயில்சாமியின் முகம் காலையிலிருந்து கண்முன்னே வந்துகொண்டிருந்தது. சாகும்போது அவருக்கு வயது ஐம்பத்தொன்று.

ஸ்டோர் ரூமைத் தாழிட்டுக்கொண்டு இடது கையில் நானே ஊசி போட்டு எடுத்தேன். மூன்றாவது குத்தில்தான் ரத்தம் வந்தது. இருபத்தோராவது குழாயில் காளியப்பன் பெயரை ஒட்டி, பழகப் போட்ட படிவத்தையும் மற்றவற்றோடு சேர்த்துவிட்டேன். முடிவு வரும், நல்லபடியாக இருக்கும், மனது ஆறும். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

மார்ச் 12, புதன்

பதினொரு மணிக்கு டாக்டர் அறையிலிருந்து சத்தம். எல்லோரும் ஓடினோம்.

"யார் இந்தக் காளியப்பன்? இன்னிக்கே இவரைக் கூட்டிட்டு வரணும்" என்றார். காகிதத்தை என்னிடம்தான் நீட்டினார். காமாலையைக் காட்டும் பிலிருபின் மூன்று புள்ளி ஒன்று, ஒன்றைச் சுற்றித்தான் இருக்க வேண்டும். கல்லீரல் நொதிகள் இருக்க வேண்டியதைப் போல ஐந்து மடங்கு. ரத்தத் தட்டணுக்கள் தொண்ணூறாயிரம், ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவனாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சார், உங்க ஜன்னல்ல மாத்திரை வாங்கறவரா?"

"ஞாபகம் இல்லீங்க மேடம்" என்றேன்.

கிராம சுகாதார செவிலியர் கலாமணி அப்போதே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தோட்டத்துச்சாலைக்குக் கிளம்பினாள். பதினேழு வருஷமாக இந்த வட்டாரத்தில் வீடு வீடாகப் போகிறவள். எந்த வீட்டில் எந்தக் குழந்தை எந்தத் தேதியில் பிறந்தது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். அவளிடம் இல்லாத ஒரு ஆளைத் தேடச் சொல்லியிருக்கிறார்கள்.

அளவு எழுதவில்லை.

மார்ச் 14, வெள்ளி

தோட்டத்துச்சாலையில் காளியப்பன் என்று யாரும் இல்லை. கலாமணி என் ஜன்னலுக்கு வந்து சொன்னாள். வெயிலில் முகம் கறுத்திருந்தது.

"பக்கத்து ஊருலயும் கேட்டுப் பாக்கறனுங்க சார். அந்த மனுசன் இருக்கறாரா, போயிட்டாரான்னே தெரீல. டாக்டரம்மாவுக்குத் தூக்கமே வரலையாமா."

"விடும்மா. எவனாவது பேரை மாத்திச் சொல்லியிருப்பான்."

"மாத்திச் சொன்னாலும் ரத்தம் மாறாதுங்களே சார்" என்றாள்.

பிறகு என் முழுக்கைச் சட்டையைப் பார்த்தாள். இந்த வெயிலுக்கு முழுக்கையா என்று கேட்டாள். கொசு என்றேன்.

மார்ச் 19, புதன்

கலாமணி ஐந்து ஊர் சுற்றிவிட்டாள். காளியப்பன் கிடைக்கவில்லை. ஆனால் கேட்ட இடத்திலெல்லாம் கல்லீரலைப் பற்றி விளக்கம் சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டு நான்கு பேர் தாங்களாகவே வந்துவிட்டார்கள். நான்கும் நிஜமான ஆட்கள். அதில் சென்னியப்பன் என்று ஒரு லாரி டிரைவர். அவர் மனைவி அவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். டாக்டர் அரை மணி நேரம் பேசினார். திட்டவே இல்லை. கதவருகே நின்று ஒட்டுக் கேட்டேன். கோபமே இல்லாத குரல் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

எனக்கு வேலை போய்விடும் என்பதுதான் முதல் பயம். சஸ்பெண்ட் ஆனால் ஊரில் எப்படி நடப்பது? ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பத்துக் கேள்வி கேட்கிறவனே இப்படி என்றால் காறித் துப்ப மாட்டார்களா? இரண்டாவது பயத்தை எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன்.

மார்ச் 21, வெள்ளி

முடிவு செய்துவிட்டேன். இன்றிலிருந்து நிறுத்தம். யாருக்கும் தெரியாமல் நானே நிறுத்திவிட்டால், மூன்று மாதத்தில் ரத்தம் சரியாகிவிடும். காளியப்பன் வந்த வழியே போய்விடுவான். மருந்து தெரிந்தவனுக்கு மருத்துவர் எதற்கு?

அளவு: இல்லை.

மார்ச் 22, சனி

வேர்வை. படுக்கை நனைந்துவிட்டது. பரிமளம் ஒன்றும் கேட்காமல் விரிப்பை மாற்றினாள். காலையில் காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அளவு: இல்லை.

மார்ச் 24, திங்கள்

எழுதத்தான் வேண்டும். வேறு யாரிடம் சொல்வது?

காலை பத்து மணிக்கு ஒரு பாட்டியம்மாவுக்குச் சுகர் மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போது அட்டை முழுக்க எறும்பு. சிவப்பு எறும்பு. உதறினேன், போகவில்லை. மேஜையிலும் எறும்பு, ஜன்னல் கம்பியிலும் எறும்பு. "எறும்பு இருக்குதுங்க, தொடாதீங்க" என்று கத்தினேன். அந்த அம்மா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "எறும்பு எங்க சாமி? ஒண்ணும் இல்லையே" என்றார்கள். வரிசையில் இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். அப்புறம் பார்த்தால் நான் எடுத்துக் கொடுத்தது சுகர் மாத்திரையே இல்லை, பிபி மாத்திரை.

பிடுங்கிக்கொண்டு சரியானதைக் கொடுத்தேன். ஜன்னலைச் சாத்தினேன். ஸ்டோர் ரூமுக்குள் போய், மூன்றாவது தட்டில் இருமல் மருந்துப் பெட்டிக்குப் பின்னால் இருந்ததை எடுத்தேன். கால் மணி நேரத்தில் எறும்புகள் போய்விட்டன.

இந்த டைரியில் ஒரு குவார்ட்டர் என்று எழுதிய நாட்களில் எல்லாம் குடித்தது இரண்டு குவார்ட்டர். காலையில் ஸ்டோர் ரூமில் குடிப்பது கணக்கில் சேராது.

மார்ச் 26, புதன்

கலாமணி வந்து ஜன்னலருகே நின்றாள். வரிசையில் ஆள் இல்லாத நேரம்.

"சார், காளியப்பனை எப்பவாச்சும் பாத்தீங்கன்னா ஒண்ணு சொல்லிப்போடுங்க. தானா திடீர்னு நிறுத்தப்படாதாமுங்க. வலிப்பு வந்துருமாமா. கண்ணுக்கு என்னென்னமோ தெரியுமாமா. டாக்டரம்மா மாத்திரை குடுத்து, பக்கத்துலயே இருந்து, கொஞ்சம் கொஞ்சமா எறக்குவாங்களாமா."

"நான் எங்கே அவனைப் பாக்கப்போறேன்?"

"எல்லாரும் இந்த ஜன்னலுக்குத்தானுங்களே வர்றாங்க."

என் முகத்தைப் பார்க்காமல், ஜன்னல் கம்பியில் ஒட்டியிருந்த பழைய நோட்டீசை நகத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னாள். இந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. தெரிந்திருந்தால் டாக்டரிடம் சொல்லியிருப்பாள். சொல்லியிருந்தால் டாக்டர் என்னை விட்டு வைப்பாரா?

மார்ச் 28, வெள்ளி

"காளியப்பன் வீட்டுல சம்சாரம் இருந்தா பாவமுங்க சார். அவங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கும், வாய் தொறக்க மாட்டாங்க" என்றாள் கலாமணி இன்று.

நான் கோபப்பட்டேன். வேலையைப் பார் என்றேன். பிறகு அரை மணி நேரம் மாத்திரைகளை எண்ணுவதுபோல உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 2, புதன்

தாங்க முடியவில்லை. ஒவ்வொரு புதன்கிழமை மீட்டிங்கிலும் டாக்டர் முதலில் கேட்பது காளியப்பனைத்தான். "இன்னும் எத்தனை நாள் தாங்குவார்னு தெரியல. உள்ளே ரத்தக் குழாய் புடைச்சிருந்தா ஒரு நாள் வெடிச்சிடும். மயில்சாமிக்கு அதுதான்" என்றார். என் தொண்டையில் கை போனது. சட்டென்று எடுத்துக்கொண்டேன்.

மீட்டிங் முடிந்ததும் சொல்லிவிட்டேன். காளியப்பன் நேற்று என் ஜன்னலுக்கு வந்தான், ஈரோட்டில் இருக்கும் மகள் வீட்டுக்கே போய்விட்டதாகச் சொன்னான், அங்கேயே வைத்தியம் பார்க்கிறானாம்.

டாக்டர் என்னை வெகுநேரம் பார்த்தார். "நல்லா இருந்தாரா?" என்று கேட்டார்.

"நல்லா இருந்தாருங்க."

"பயந்த மாதிரி இருந்தாரா?"

"கவனிக்கலீங்க."

கலாமணியிடம் பதிவேட்டைக் கொடுத்து 'இடம் பெயர்ந்தார்' என்று எழுதச் சொன்னேன். அவள் பேனாவை என் பக்கம் நகர்த்தினாள். "நான் கண்ணால பாக்காம எழுத மாட்டனுங்க சார். பாத்தது நீங்கதானுங்களே, நீங்களே எழுதிருங்க."

எழுதினேன். எழுத்து கோணல் மாணலாக வந்தது.

ஏப்ரல் 4, வெள்ளி

நிம்மதி. கலாமணி ஜன்னல் பக்கம் வரவில்லை.

ஏப்ரல் 9, புதன்

மீட்டிங்கில் காளியப்பன் பெயரே வரவில்லை. சென்னியப்பனுக்கு மதிப்பெண் குறைந்திருக்கிறது, எஸ்தர் கைதட்டினாள். கொசு மருந்து, சொட்டு மருந்து, கழிப்பறைக் கதவு என்று அரை மணி நேரம் போயிற்று.

கேட்பார்கள் கேட்பார்கள் என்று கடைசிவரை உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

மாலையில் செருப்பைக் கழற்றினால் பாதத்தில் வார் அழுந்திய தடம் அப்படியே பள்ளமாக நிற்கிறது. விரலால் அமுக்கினேன். பள்ளம் நிரம்ப எத்தனை நேரம் ஆகிறது என்று பார்த்தேன். அது எதற்கான அறிகுறி என்று எனக்குத் தெரியும். பார்மசி டிப்ளமாவில் படித்திருக்கிறேன்.

பரிமளம் வெந்நீர் வைத்துக் கொண்டுவந்தாள். நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

இரண்டாவது பயத்தை எழுதிவிடுகிறேன். மூன்று வாரமாக என்னைத் தேடினார்கள். ஒருத்தி எனக்காக வெயிலில் ஐந்து ஊர் அலைந்தாள். ஒரு டாக்டர் தூங்காமல் இருந்தார். நான் என் கையாலேயே அந்தத் தேடலை நிறுத்திவிட்டேன். இப்போது என்னை யாரும் தேடவில்லை. நான் செத்தால், ஈரோட்டில் மகள் வீட்டில் நன்றாக இருக்கிறான் என்று பதிவேடு சொல்லும்.

ஏப்ரல் 21, திங்கள்

சென்னியப்பன் மாத்திரை வாங்க வந்தார். ஆள் தெளிந்திருந்தார். லாரியைக் கொஞ்ச நாள் ஓட்ட வேண்டாம் என்று டாக்டர் சொன்னதால் மச்சானோடு தென்னந்தோப்பில் தண்ணீர் பாய்ச்சுகிறாராம்.

"முப்பத்து மூணு நாளாச்சுங்க, தொடல. மொத வாரம் செத்துப் பொழச்சனுங்க. டாக்டரம்மா தெனமும் வரச் சொல்லி, கையப் புடிச்சுப் பாத்து மாத்திரை குடுத்தாங்க. கலாமணியம்மா வீட்டுக்கே வந்து பிபி பாத்தாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஏனுங்க, அந்தக் காளியப்பன் கெடச்சாருங்களா? அவரைத் தேடி வந்தப்பத்தானுங்க நான் மாட்டுனேன்."

"ஊரைவிட்டுப் போயிட்டாரு."

"அடப் பாவமே. பாத்தா சொல்லுங்க சார். ஒண்ணும் பண்ண மாட்டாங்க, திட்டக்கூட மாட்டாங்கன்னு சொல்லுங்க. அவரு பயந்துக்கிட்டுத்தான் ஓடிருப்பாரு. நானும் அப்படித்தான் பயந்தனுங்க."

மாத்திரை அட்டையை அவர் கையில் கொடுக்கும்போது என் கை நடுங்கியது. அவர் அதைப் பார்த்தார். பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். குடிக்கிறவனைக் குடித்தவன் கண்டுபிடிக்க எத்தனை நேரம் ஆகும்?

ஏப்ரல் 23, புதன்

இதை மாலை ஐந்து மணிக்கு, வார்டு கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து மோசமாக இருக்கும்.

காலையில் ஜன்னலைத் திறக்கவில்லை. சாவியை எஸ்தரிடம் கொடுத்துவிட்டுச் சீட்டு வாங்கினேன். நாற்பத்தொன்று. பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர் நகர்ந்து இடம்விட்டு, "ஏனுங்க சார், நீங்க இங்க உக்காந்துட்டீங்க? மாத்திரை யாரு குடுப்பாங்க?" என்றார். எழுந்து ஓடிவிடலாம் என்று நான்கு முறை தோன்றியது. நாற்பது பேர் உள்ளே போய்த் திரும்பும்வரை கால்களைத் தரையில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உள்ளே போனதும் டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். நாற்காலியைக் காட்டினார். என்ன வேண்டும் என்று கேட்கவில்லை.

"காளியப்பன் ஈரோட்டுக்குப் போகலீங்க மேடம்" என்றேன்.

"தெரியும்" என்றார். "நீங்க சொல்லுவீங்கன்னு கலாமணி சொன்னாங்க. நீங்க ஈரோடுன்னு சொன்ன அன்னிக்கே கேட்டுடணும்னு நான் சொன்னேன். அவங்கதான் வேண்டாம்னாங்க, பிடிச்சா ஓடிப்போயிடுவார், தானா வரட்டும்னாங்க. மூணு வாரமா நான் பண்றது சரியா தப்பான்னே தெரியாம இருந்தேன்."

பிறகு புதிய படிவம் ஒன்றை எடுத்து, பத்துக் கேள்விகளையும் முதலிலிருந்து கேட்டார். ஜன்னலில் உட்கார்ந்து இருநூறு பேரிடம் நான் கேட்ட அதே கேள்விகள். காலையில் எழுந்ததும் குடித்தால்தான் வேலை ஓடுமா? தினமும். செய்ய வேண்டிய வேலையைக் குடியால் செய்யாமல் போனதுண்டா? எறும்பைச் சொன்னேன். அந்தப் பாட்டியம்மாவையும் சொன்னேன். கூட்டிப் பார்த்தபோது முப்பத்து நான்கு வந்தது. காளியப்பனுக்கு இருபத்து மூன்றுதான். பொய்ப் பெயர் வைத்துக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு, யாருமே பார்க்காத ஒரு காகிதத்தில்கூடப் பதினொரு மதிப்பெண் குறைத்துப் போட்டிருக்கிறேன்.

"வேலை போயிடுமுங்களா?"

"இப்ப நீங்க என் நோயாளி. அதை மட்டும்தான் இன்னிக்குப் பேசுவேன். ஆனா ஜன்னல்ல இனி கொஞ்ச நாள் உட்கார முடியாது. அந்த வரிசையில நிக்கிறவங்களும் என் நோயாளிதான்" என்றார். சரி என்றேன். அதைச் சொன்னபோதுதான் அழுகை வந்தது.

ஐந்து நாள் இங்கேயே படுக்கை. மாத்திரை கொடுத்து மெதுவாக இறக்குவார்களாம். திங்கட்கிழமை பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டு உள்ளே பார்த்து, ஸ்கேனும் எடுக்க வேண்டும். கல்லீரல் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அப்போதுதான் தெரியும் என்றார். இருக்குமா என்று கேட்டேன். "நல்லா ஆயிடும்னு பொய் சொல்ல மாட்டேன். நிறுத்தினா அதுக்கு ஒரு வாய்ப்பு இருக்கு" என்றார். இன்னமும் பயமாகத்தான் இருக்கிறது. நேற்றைவிட அதிகமாக இருக்கிறது.

வீட்டிலிருந்து ஒருவர் வர வேண்டும் என்றார். பரிமளத்துக்குப் போன் செய்து, சென்டருக்கு வர முடியுமா என்று கேட்டேன். "வர்றனுங்க" என்றாள். எதற்கு என்று கேட்கவில்லை.

எங்கள் வீட்டிலிருந்து இங்கே வர பஸ்ஸில் நாற்பது நிமிஷம் ஆகும். கலாமணி கொண்டுவந்த டீயை நான் பாதிகூடக் குடிக்கவில்லை, அதற்குள் பரிமளம் கதவருகே வந்து நின்றாள். தோளில் நூல் ஒட்டியிருந்தது.

"எப்படி இதுக்குள்ள வந்தே?"

"எதுத்தாப்புல பேக்கரியில தானுங்க இருந்தேன்."

"எப்பத்திலிருந்து?"

அவள் கலாமணியைப் பார்த்தாள். "உங்க மீட்டிங் நாளுன்னு மூணு புதன்கிழமையா வந்து உக்காந்துட்டுப் போறனுங்க. இன்னிக்கு இல்லீன்னா அடுத்த வாரம் உள்ள போவீங்கன்னு இவங்க சொன்னாங்க. நீங்க உள்ள போறப்ப வெளிய யாரும் இல்லாம இருக்கப்படாதுன்னுதான்."

டாக்டர் மாத்திரைச் சீட்டை எழுதி நீட்டினார். நான் வாங்கப் போனேன், கை நடுங்கியது, பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். பரிமளம் முன்னால் வந்து கையை நீட்டினாள். இந்த ஐம்பது நாளும் பயந்துகொண்டிருந்தது நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன். அவள் கை என் கையைவிட அதிகமாக நடுங்கியது.